புலிவரி அழிக்காத கை

சுடலைமுத்துவைக் கொன்றவன் நான்.

ஊர் அப்படிச் சொல்லவில்லை. இலத்தூர்ப் பக்கம் போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். "புலி வேஷம் கலையும் முன்ன பொண்டாட்டிக்காரி தொட்டுட்டா, புலி அடிச்சிருச்சு" என்பார்கள். பச்சைப் பொய்! அந்தப் பொய்யைப் பெற்றவன் நான். வளர்த்து ஆளாக்கியவனும் நான்தான்.

இதை வாசிக்கும் நீ யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவனாக இருப்பதால்தான் வாய் திறக்கிறது. தெரிந்த முகம் எதிரே இருந்தால் இந்த நாக்கு வழக்கம்போல வேறு கதையை அளந்திருக்கும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்... நடுவில் என் மேல் இரக்கப்படாதே. அன்றும் புத்தி இருந்தது எனக்கு. தெரிந்தேதான் செய்தேன்.

தென்காசியில் நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலையில் படம் எழுதிப் பிழைத்தவன் நான். தர்பார், தெரு, காடு... எது கேட்டாலும் எழுதுவேன். ஊரில் எனக்குப் படக்கார அண்ணாச்சி என்று பெயர். என் கை போல ஒரு கை இந்தச் சீமையில் இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். தலைக்கனம் என்றால் அப்படியொரு தலைக்கனம்!

ஆடி மாதம் இலத்தூரில் அம்மன் கொடைத் திருவிழா வந்துவிட்டால் எனக்கு இன்னொரு வேலை உண்டு. புலியாட்டக்காரனின் உடம்பில் புலி எழுதுவது. நோன்பிருந்து வருகிறவனின் உடம்பு முழுவதையும் நாவிதர் மழித்துவிடுவார். அதன்மேல் மஞ்சள் பூசி, கரியால் வரி போட்டு, காதும் வாலும் கட்டி அனுப்பினால் அவன் மதியக் கொடையில் அம்மன் முன்னால் ஆடுவான்.

அதற்கொரு கட்டு இருந்தது. வரி போட்ட கைதான் முதல் வரியை அழிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் நான் ஈரத் துணியால் அவன் நெஞ்சில் ஒரு வரியைத் துடைத்துவிட்டால் புலி இறங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு யார் வேண்டுமானாலும் தேய்த்துக் குளிப்பாட்டலாம். அதற்கு முன்னால் வீட்டார் விரலும் படக்கூடாது. பட்டால் புலி இறங்காமல் ஆளை அடித்துவிடும் என்பார்கள்.

நான் இதை நம்பினேனா? ஒரு நாளும் இல்லை! வார்னிஷும் டர்பன்டைனும் புழங்குகிறவனுக்குச் சாமியாவது, புலியாவது! ஆனால் அந்தக் கட்டு எனக்குப் பிடித்திருந்தது. ஊரே கைகட்டி நிற்க, என் கை ஒரு துணியை எடுக்கும்வரை ஒரு மனிதன் மனிதனாக முடியாமல் காத்திருப்பது... அதில் ஒரு ருசி இருந்தது. சொல்லிவிட்டேனே.

சுடலைமுத்து வண்டிக்காரன். புளியறைக்கும் தென்காசிக்கும் பாரம் அடிப்பவன். கல்லைப் போன்ற உடம்பும் குழந்தையைப் போன்ற வாயும் அவனுக்கு. யாரையும் சும்மா விடமாட்டான். ஒரு முறை நான் எழுதிய காட்டுத் திரையைப் பார்த்துவிட்டு, அதில் இருந்த புலியின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"அண்ணாச்சி, இது பட்டினி கெடக்குற பூனைலா? பாவம், ரெண்டு கருவாடு போடுங்க" என்றான்.

கம்பெனிக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. நான் உயிருள்ள புலியையும் பார்த்ததில்லை, செத்த புலியையும் பார்த்ததில்லை. என் அப்பா எழுதிய புலியைப் பார்த்து நான் எழுதினேன். அவர் யாரைப் பார்த்து எழுதினாரோ... சுடலைமுத்துவும் அப்படித்தான். தன் வீட்டுப் பூனை எலியிடம் பதுங்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் புலியாட்டம் பழகினான். அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமே கிடையாது.

பிறகு அந்தப் புலி வந்தது.

குற்றாலத்தில் பங்களா வைத்திருந்த ஒரு பண்ணையாரிடம் சீசனுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை விருந்தாளியாக வந்திருந்தார். பண்பொழிக்கு மேலே மலையில் அவர் ஒரு வரிப்புலியைச் சுட்டார். அதை இறக்கிக் கொண்டுவரச் சுடலைமுத்துவின் வண்டியைப் பேசினார்கள். மாடுகள் இரண்டும் நுகத்தடிக்குக் கழுத்துக் கொடுக்கவே இல்லையாம். கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள், மூக்கில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார்கள். கடைசியில் ஆட்களே வண்டியை இழுத்து வந்தார்கள். அவன் வழியிலேயே ஆள் விட்டு எனக்குச் சொல்லி அனுப்பினான்.

"ஒங்க பூனைக்கு அப்பன் வந்திருக்கான். வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். பங்களாப் புல்தரையில் அதைக் கிடத்தியிருந்தார்கள். சாரல் பெய்துகொண்டிருந்தது. ஒரு கண் பாதி திறந்திருந்தது. சுற்றிலும் அத்தனை பேர் நின்றும் ஒருவரும் உரக்கப் பேசவில்லை.

அந்த நிறம்! அதை மஞ்சள் என்று எவன் சொன்னான்? முதுகில் செம்மண், விலாவில் கனிந்த பலாச்சுளை, வயிற்றில் வெண்மை... ஒன்று மற்றொன்றில் கரைகிற இடம் தெரியவில்லை. வரிகள் மேலே பூசியவை அல்ல, உள்ளிருந்து ஊறி வந்தவை. மழைத்துளி விழுந்து மயிரில் உருண்டு ஓடியது. நிறம் கரையவில்லை...

உனக்கு இது புரியாது. ஒவ்வொரு ஆடியிலும் என் புலி சாரலில் கரைந்து, அம்மன் முன்னால் போய் நிற்பதற்குள் முழங்காலில் மஞ்சள் சேறாக வழியும். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கும். இதுவோ செத்துக் கிடக்கிறது, மழையில் நனைகிறது, ஆனாலும் புலியாகவே இருக்கிறது. எனக்கு அதன்மேல் பொறாமை வந்தது. செத்த மிருகத்தின் மேல் பொறாமைப்பட்டவனை நீ பார்த்திருக்கிறாயா? இதோ, பார்த்துக்கொள்.

சுடலைமுத்து என் பக்கத்தில் குந்தியிருந்தான். அவன் நிறத்தைப் பார்க்கவில்லை. முன்னங்காலைத் தூக்கி, தன் உள்ளங்கையை அதன் அடியில் வைத்து, மெல்ல இறக்கிப் பார்த்தான். பிறகு தோள்பட்டையை அழுத்திப் பார்த்தான்.

"நாம இம்புட்டு நாளும் ஆடுனது கொரங்காட்டம் அண்ணாச்சி" என்றான். அவன் குரலில் கேலி இல்லை. "இது குதிக்காது. மண்ணுக்கே தெரியாமத்தான் காலு வச்சிருக்கும். இந்தக் கொடைக்கு நான் இப்பிடி நடக்கப் போறேன். நீங்களும் சரியா எழுதிப்புடுங்க."

அவன் அப்படிக் கேட்டான் என்பதுதான் எனக்குப் பல வருஷங்களாக இருந்த சாக்கு. அவனே கேட்டானே, அவனே கேட்டானே என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். அவன் கேட்டது புலியை. பாஷாணத்தை அவன் கேட்கவில்லை.

ஆம், பாஷாணம். தென்காசியில் ராவுத்தர் ஒருவர் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். நாடகக்காரர்கள் முகத்துக்குப் பூசும் அரிதாரக் கட்டியும், மனோசிலை என்ற செந்நிறக் கட்டியும் அவரிடம்தான் கிடைக்கும். மஞ்சளுக்கு ஒன்று, செம்மைக்கு ஒன்று. இரண்டையும் குழைத்தால் அந்தப் பலாச்சுளை நிறம் வரும் என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்ட அளவைப் பார்த்து ராவுத்தர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னத்துக்குவே இம்புட்டு? ஒரு மொகத்துக்குக் குன்றிமணி அளவு போதுமே?"

"காட்டுத் திரைக்கு" என்றேன்.

"திரைக்குன்னா சரி. பாஷாணம்வே இது, வெளையாட்டு இல்ல. தோல்ல ரொம்பப் பட்டுறாமப் பாத்துக்கிடும். வெட்டுக்காயம் இருந்தா கிட்டயே கொண்டு போகாதீரும்."

சரி என்று தலையாட்டினேன். கேட்டாயா? அவர் சொன்னார். நான் தலையாட்டினேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

கொடையன்று விடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் வேலையைத் தொடங்கினேன். இரண்டு கம்புகளை நட்டு, அவற்றைப் பிடித்தபடி சுடலைமுத்து கைகளை விரித்து நின்றான். நாவிதர் அப்போதுதான் மழித்து முடித்திருந்தார். மார்பிலும் தொடையிலும் கத்தி பட்ட சிறு சிறு கீறல்கள் சிவப்பாகத் தெரிந்தன. அவற்றின் மேலேயே பூசினேன். சாரலில் கரையாமல் இருக்க, திரைக்கு அடிக்கிற வார்னிஷைச் சூடாக்கி மேலே ஒரு கோட்டு அடித்தேன். அது காய்ந்ததும் இன்னொன்று.

"கடிக்கி அண்ணாச்சி" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"புலின்னா கடிக்கத்தாம்லே செய்யும்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். என் வாழ்நாளில் நான் சொன்ன நகைச்சுவைகளில் அதற்குத்தான் அதிகச் சிரிப்பு.

வரி போட்டு முடித்து விலகி நின்று பார்த்தேன். அங்கே சுடலைமுத்து இல்லை. கோயில் நாய் ஒன்று எப்போதும் அவன் காலடியிலேயே படுத்திருக்கும். அவன் கையால் சோறு தின்ற நாய். அது அவனைப் பார்த்ததும் குரைக்கவில்லை. வாலை ஒடுக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து, சுவரில் முட்டி, ஓடிப்போயிற்று.

மதியக் கொடையில் சாரல் கொட்டியது. நிறம் கரையவில்லை! அவன் குதிக்கவில்லை. குனிந்து, தோளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி இறக்கி, ஈர மண்ணில் ஓசையில்லாமல் நடந்தான். வழக்கமாகப் புலி வந்தால் பிள்ளைகள் கூவும், பெண்கள் கேலி பேசுவார்கள். அன்று ஒரு சத்தமும் இல்லை. கூட்டம் தானாகப் பின்வாங்கி வழிவிட்டது. மேளக்காரருக்கே ஓரிடத்தில் கை தடுமாறியது. தொழுவங்களில் கட்டிக் கிடந்த மாடுகள் கயிற்றை இழுத்துக் கத்தத் தொடங்கின. யாரோ ஒரு கிழவி, "போதும்டா, நிறுத்துங்கடா" என்று அழுதாள்.

எனக்கு மட்டும் சந்தோஷம். எப்பேர்ப்பட்ட சந்தோஷம்!

பண்ணையாரோடு அந்தத் துரையும் வந்திருந்தார். புகைப்படம் எடுக்கும் பெட்டி அவரிடம் இருந்தது. மனிதப் புலியைத் தம் புலித்தோலின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார். மழை இருட்டில் படம் விழாது, வெயில் வேண்டும், நாளை பார்ப்போம் என்றார். படத்தோடு என் பெயரையும் சென்னைச் சித்திரப் பள்ளிக்கு எழுதுவதாகப் பண்ணையார் சொன்னார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆட்டம் முடிந்ததும் சுடலைமுத்து நேரே என்னிடம் வந்தான். துணியும் தண்ணீரும் தயாராக இருந்தன. ஊர்ப் பெரியவர்களும் நின்றார்கள். நாளைப் படம் எடுத்த பிறகுதான் வரியை அழிப்பேன் என்று சொன்னேன். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பண்ணையார் பெயரைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"வேக்கவே மாட்டேங்கு அண்ணாச்சி" என்றான் சுடலைமுத்து. "இம்புட்டு ஆடியும் ஒரு பொட்டு வேர்வை இல்ல. உள்ள அடுப்பு எரியுத மாதிரி இருக்கு. அழிச்சு விட்டுருங்களேன்."

"ஒரு பொழுதுதாம்லே. பொறுத்துக்க மாட்டியா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். மையும் சாயமும் பூசிய முகத்தில் கண் மட்டும் அவனுடையதாக இருந்தது.

"சரி அண்ணாச்சி. ஒங்களுக்காக."

...ஒங்களுக்காக!

மறுநாள் விடிந்தும் மழை விடவில்லை. ஊர்க்கோடியில் எனக்கென்று ஒழித்துக் கொடுத்திருந்த அறையில் உட்கார்ந்து நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஈ காக்கை இல்லை. அப்போதுதான் அவள் வந்தாள். இசக்கியம்மாள், அவன் மனைவி. சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, முழங்கால்வரை சேறாக, வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணாச்சி, அவியளுக்கு ஒடம்பு கொதிக்கி. வாந்தி நிக்க மாட்டேங்கு. பேச்சுக் கொழறுது. நீங்க வந்து ஒரே ஒரு வரிய மட்டும் அழிச்சுட்டுப் போயிருங்க. மிச்சத்த நான் தொடச்சுக்கிடுதேன்."

ஒரே ஒரு வரி. எழுந்து, நடந்து, ஒரு துணியை நனைத்து, ஒரு விரல் நீளம்... அவ்வளவுதான் அவள் கேட்டது.

"நோம்பு இருந்த ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றேன். "வெயில் எட்டிப் பாக்கட்டும். படம் எடுத்த ஒடனே அழிச்சிருதேன்."

அவள் போகவில்லை. அழுதாள். கும்பிட்டாள். எனக்கு ஒரு பயம் வந்தது. என்ன பயம் என்று நினைக்கிறாய்? அவன் செத்துப்போவானோ என்றா? இல்லை, இல்லை... இவள் போய்த் துடைத்துவிடுவாளோ என்று! அதனால் எனக்கு நம்பிக்கையில்லாத அந்தக் கட்டை எடுத்து அவள்மேல் எறிந்தேன்.

"நீ கையக் கிய்ய வச்சிராத, இசக்கி. தொட்டா புலி எறங்காது. தெரியும்லா?"

"தெரியும் அண்ணாச்சி. அதுக்குத்தான ஓடியாந்தேன்."

இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மழைக்குள் போனாள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சி சாய்ந்த பிறகு மேகம் விலகிற்று. பளீரென்று வெயில்! பண்ணையாரின் வில்வண்டியும் வந்து நின்றது. நான் ஓடினேன். அவன் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் கூடி நின்றார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. நான் உள்ளே நுழைந்தேன்.

பாயில் கிடந்தான். ஒரு பக்கம் புலி, ஒரு பக்கம் மனிதன். அவள் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து, தன் சேலைத் தலைப்பால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதி உடம்பில் நிறம் வழிந்து சேறாகக் கிடந்தது. அவன் கண் செருகியிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

அப்போது என் மனதில் முதலில் என்ன வந்தது தெரியுமா? இதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன். 'ஐயோ, என் நிறம்!' என்று வந்தது. அவன் சாகிறான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"ஏட்டி! தொட்டுட்டியேட்டி, பாவி! தொட்டுட்டியே!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டது.

வாசலில் நின்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தொட்டுட்டாளாம், தொட்டுட்டாளாம் என்று தெருமுனை போவதற்குள் அது தீர்ப்பாகிவிட்டது. பொழுது சாயும் முன்பே சுடலைமுத்துவின் மூச்சு அடங்கியது.

பிணத்தைக் குளிப்பாட்ட ஒருவரும் முன்வரவில்லை. புலி இன்னும் இறங்கவில்லையாம். வரி போட்ட கை வந்து அழிக்க வேண்டுமாம். என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அவன் நெஞ்சில் மிஞ்சியிருந்த ஒரு வரியைத் துடைத்தேன். வார்னிஷ் லேசில் போகவில்லை, அழுத்தினேன். வரியோடு தோலும் உரிந்து வந்தது. அடியில் ரத்தச் சிவப்பு. கத்திக் கீறல்கள் எல்லாம் கறுத்து வாய் பிளந்திருந்தன.

"பாத்தியளா, புலி நகம்!" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

காடேற்றி, சுடுகாட்டுச் சடங்கு முடித்து வந்த பிறகு கோயில் முன்னால் ஊர் கூடியது. இசக்கியம்மாளை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். ஊர்த்தலைவர் என்னைப் பார்த்தார். நல்ல மனிதர், நியாயமாகத்தான் கேட்டார்.

"அண்ணாச்சி, மொத வரிய அழிக்கச் சொல்லி ஒங்ககிட்ட வந்து கெஞ்சுனேன்னு இவ சாதிக்கா. நீங்க வரமாட்டேன்னு சொல்லித்தான் தொட்டாளாம். வந்தாளா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, ஒரு நிம்மதிதான் இருந்தது. கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டார்கள், இனிமேல் விடிந்துவிடும் என்ற நிம்மதி.

வந்தாள் என்றால் அடுத்த கேள்வி என்ன? நீர் ஏன் போகவில்லை? அதற்கு அடுத்தது? என்ன பூசினீர்? ராவுத்தர் என்ன சொன்னார்? போலீசு, ஜெயில்... எல்லாம் ஒரு கணத்தில் கண்முன்னால் ஓடின.

"இல்லையே... எங்கிட்ட யாரும் வரல" என்றேன்.

"அண்ணாச்சி!" என்றாள். அதற்குமேல் பேசியிருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்? நான் படக்கார அண்ணாச்சி. அவள் புருஷனைத் தொட்டுக் கொன்றவள்.

கோயில் பக்கம் வரக்கூடாது, நல்லது கெட்டதுக்கு யாரும் அழைக்கக்கூடாது என்று விலக்கினார்கள். கொஞ்ச நாள் இருந்து பார்த்தாள். பிறகு ஒரு நாள் வீடு பூட்டிக் கிடந்தது. மலைப்பக்கம் போய்விட்டாள் என்றார்கள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேள். தண்டனை கிடைத்ததா? கிடைத்தது பெயர்! படம் எடுக்காமலே துரை போய்விட்டார், சென்னையும் போயிற்று. ஆனால் ஊருக்கு ஊர் பேச்சுப் பரவியது. படக்கார அண்ணாச்சி எழுதின புலி நிசப் புலியாம், ஆளையே அடிச்சிருச்சாம்! கம்பெனிகள் தேடி வந்தன. என் காட்டுத் திரையை இறக்கினால் பாட்டே இல்லாமல் ஜனங்கள் கைதட்டினார்கள். அவர்கள் தட்டத் தட்ட நான் திரைக்குப் பின்னால் நின்று வணங்கினேன். உடம்பில் மட்டும் அப்புறம் நான் எழுதவில்லை. அதைக்கூட ஊர் என் அடக்கம் என்று புகழ்ந்தது.

என் உள்ளங்கைகளில் ஆணி முளைத்தாற்போலத் தடிப்புகள் வந்தன. அந்த நிறத்தைக் குழைத்த கைகள். வைத்தியர் கேட்டார், வயசு என்றேன். அவனுக்கு உடம்பு முழுவதும் போனது, எனக்குக் கையோடு நின்றது. இதுவா நியாயம்? நீயே சொல்... வேண்டாம், சொல்லாதே.

யுத்த காலத்தில் ஒரு நாள் கொல்லத்துக் கம்பெனி ஒன்று கூப்பிட்டுப் பஸ்ஸில் போனேன். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரியில் ஓடிய காலம். புளியறை ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. கரி அள்ளிப் போட்டுக் கிளம்ப நேரமாகும், இறங்கிக் காப்பி குடியுங்கள் என்றார் கண்டக்டர். சாலையோரம் ஓலைக் கடை ஒன்று இருந்தது. உட்கார்ந்தேன். டம்ளரை நீட்டிய கை அப்படியே நின்றது.

"படக்கார அண்ணாச்சிதான?"

இசக்கியம்மாள்! தலை நரைத்து, உடம்பு பாதியாகி... ஓட என் கால் தவித்தது. அவளோ மலர்ந்த முகமாக நின்றாள். ஊரிலிருந்து ஒருவர் வந்துவிட்டாரே என்ற சந்தோஷம்! சௌக்கியமா என்றாள். என் கையைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, இப்பிடித் தடிச்சுக் கெடக்கு? வேப்பெண்ண தடவுங்க" என்றாள்.

மற்றவர்கள் பஸ்ஸைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடையில் வேறு யாரும் இல்லை. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப வருசமா நெனச்சுக்கிட்டே கெடக்கேன். அன்னைக்கு மழையில நான் ஒங்க வாசலுக்கு வந்தேன்லா? சாக்கப் போட்டுக்கிட்டு வந்து நின்ன மாதிரியே இருக்கு. ஒரு வரிய அழிச்சுத் தாங்கன்னு கேட்ட மாதிரியும் இருக்கு. ஊரு பூரா வரல வரலன்னு சொல்லவும்... நெனச்சு நெனச்சுப் பாத்து, இப்பம் எனக்கே பிடிபட மாட்டேங்கு. நான் வந்தேனா அண்ணாச்சி, இல்ல வந்ததா நானே நெனச்சுக்கிட்டேனா? வந்திருந்தேன்னா நான் அவியளக் கொல்லல, பாத்தியளா. அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

ஊரார் இல்லை. தலைவர் இல்லை. ராவுத்தர் காலமாகிவிட்டார். எந்தப் போலீசும் இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னைத் தேடி வரப் போவதில்லை. பயப்பட ஒரு காரணமும் மிச்சமில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன வருசமாச்சு, இசக்கி... எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே" என்றேன்.

அவள் மெல்லத் தலையாட்டினாள்.

"அப்பம் நான் வந்திருக்க மாட்டேன்" என்றாள்.

எழுந்து போய், ஆறியிருக்கும் என்று சொல்லி, என் டம்ளரில் சூடாக இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். அதையும் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.